காதால் கேட்டு வாயால் பழகும் மொழி

நமது கிராமங்களில் இன்று பல மொழிகள் ஒலிக்கின்றன. காவிரி டெல்டாப் பகுதியில் நடவு வேலைக்காக மேற்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் குழுக் குழுவாக வருகின்றனர். நாமக்கல் வட்டாரக் கோழிப் பண்ணைகளிலும், பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார் ஆலைகளிலும், செங்கற் சூளைகளிலும், அரிசி ஆலைகளிலும் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களைச் சேர்ந்த சகோதரர்கள் பணிபுரிகின்றனர். சிலர் மனைவி மக்களோடு வந்து நம் ஊர்களிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றனர்.

இவர்களுக்குக் கூலி கொடுக்கிறோம். தங்க இடம் கொடுக்கிறோம். ஆனால், பேச ஒரு மொழி கொடுக்கிறோமா? கூலிக் கணக்கில் ஐயம் எழுந்தால் கேட்கவும், இரவில் நோய் கண்டால் உதவி கோரவும், வதந்தி பரவினால் உண்மையை விசாரித்து அறியவும் மொழி வேண்டும். 2023 மார்ச்சு மாதத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்யான படக் காட்சிகள் கைப்பேசிகளில் பரவின. பலர் அஞ்சி ஊர் திரும்பினர். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு ஒன்று நேரில் வந்து நிலைமையைக் கண்டறிய வேண்டியதாயிற்று. அண்டை வீட்டாரோடு நாலு வார்த்தை பேசிப் பழகியவனிடம் அத்தகைய பொய் எளிதில் செல்லாது. ஆகவே, மொழி கற்பித்தலையும் கிராம அபிவிருத்திப் பணிகளுள் ஒன்றாகவே நாம் கருத வேண்டும்.

இதற்குப் பள்ளிக்கூடம் கட்ட வேண்டுமா, ஆசிரியரை நியமிக்க வேண்டுமா என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் கேட்கலாம். வேண்டுவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் காதால் கேட்டு, வாயால் பழகி ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள இயலும். திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தது போலவே கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். எனினும், கேட்பதிலும் முறை உண்டு. பேசிப் பழகுவதிலும் முறை உண்டு. அவற்றை இக்கட்டுரையில் விளக்குவோம்.

வெறுமனே கேட்பதன் பயன்

தெரியாத மொழி நம் காதில் இடைவெளியின்றி ஓடும் வெள்ளம் போல் விழுகிறது. எங்கே ஒரு சொல் முடிந்தது, எங்கே அடுத்த சொல் தொடங்கிற்று என்பது விளங்குவதில்லை. நாளடைவில் காது பழகப் பழகச் சொற்கள் தனித்தனியே பிரிந்து கேட்கத் தொடங்கும். 1996இல் அமெரிக்காவில் ஜெனி சாஃப்ரன் என்பாரும் அவருடன் பணியாற்றிய இருவரும் எட்டு மாதக் குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். பொருளற்ற சொற்கள் சிலவற்றை நிறுத்தமே இல்லாமல் தொடராக இரண்டு நிமிடம் கேட்கச் செய்தனர். எந்த ஒலிகள் சேர்ந்தே வருகின்றன என்பதைக் குழந்தைகளின் காது அதற்குள் பிரித்து அறிந்துகொண்டது. மொழியின் ஓசையையும் தாளத்தையும் சொல்லெல்லையையும் காது தானே கற்கும் என்பதற்கு இது சான்று. வயல் வேலையின்போது வானொலி பாடிக்கொண்டிருப்பதால் இந்த அளவு நன்மை உண்டு.

அதன் எல்லை

ஆனால், ஓசை பழகுவது வேறு. பொருள் விளங்குவது வேறு. 2003இல் வெளியான மற்றோர் ஆய்வில், பட்ரீசியா கூல் என்னும் அறிஞர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்க ஏற்பாடு செய்தார். ஒரு குழுவிற்குச் சீன மொழியினர் நேரில் அமர்ந்து கதை படித்து, பொம்மை காட்டிப் பேசினர். ஒவ்வொரு முறையும் 25 நிமிடமாக 12 முறை இது நடைபெற்றது. வேறு குழுக்களுக்கு அதே பேச்சு படக்காட்சி வழியாகவோ ஒலிப்பதிவு வழியாகவோ கிடைத்தது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளை வேறுபடுத்தி அறிந்தனர். மற்றவர்களோ சீனமே கேளாத குழந்தைகளைப் போலவே இருந்தனர். கண்ணைப் பார்த்து, பொருளைக் காட்டிப் பேசும் மனிதருக்கு ஈடாகப் பெட்டி அமையவில்லை.

உறங்கும்போது பக்கத்தில் ஒலிப்பதிவை ஓடவிட்டால் பாடம் தானே மனத்தில் ஏறும் என்று ஒரு காலத்தில் விளம்பரம் செய்தார்கள். 1956இல் சைமன், எம்மன்ஸ் என்ற இருவர், உறங்குவோரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தவாறே பாடங்களை ஒலிக்கச் செய்து சோதித்தனர். உண்மையான உறக்கத்தில் கேட்டவை அவர்கள் நினைவில் தங்கவில்லை. விழித்திருந்து கற்றதை உறக்கம் உறுதிப்படுத்தும். விழிப்பிற்கு அது ஈடாகாது.

விளங்கும்படி கேட்பித்தல்

எனவே, கேட்பவருக்குப் பொருள் விளங்கும்படி பேசுவதே முதற்படி. 1980களில் ஸ்டீபன் கிராஷன் என்னும் பேராசிரியர் இதனை வற்புறுத்தினார். கற்பவர் அறிந்ததற்குச் சற்றே மேலான பேச்சு, விளங்கும் வகையில் மிகுதியாகக் கிடைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1960களில் கலிபோர்னியாவில் ஜேம்ஸ் ஆஷர் என்பவர் எளிய வழி ஒன்றைக் கையாண்டார். ஆசிரியர் ஓர் ஏவலைச் சொல்லித் தாமே செய்து காட்டுவார். மாணவர் பேசாமல் அவ்வாறே செய்வர். சொல்லும் செயலும் இணைந்து மனத்தில் பதிந்தன.

இவ்வழிக்கு வயலைவிடச் சிறந்த பள்ளி ஏது? “மண்வெட்டியை எடு” என்று சொல்லி எடுத்துக் காட்டலாம். “நாற்றுக்கட்டை அங்கே வை”, “மடையைத் திற”, “தண்ணீரை நிறுத்து” என்று ஒவ்வொன்றையும் செயலோடு சேர்த்துச் சொல்லலாம். சத்தமாகச் சொல்வதால் விளங்கிவிடாது. நிறுத்திச் சொல்ல வேண்டும். சுட்டிக் காட்ட வேண்டும். ஒரே பொருளுக்கு நாளொரு சொல்லாக மாற்றாமல் ஒரே சொல்லை வழங்க வேண்டும். தொடக்கத்தில் சில வாரம் அவர் வாய் திறவாமல் இருந்தாலும் கட்டாயப்படுத்தலாகாது. காது நிறைந்த பின்னரே வாய் திறக்கும்.

பேசினால்தான் பேச்சு வரும்

கேட்பது மட்டும் போதுமா? கனடாவில் மாண்ட்ரீல் நகரை அடுத்த செயின்ட் லாம்பர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோரின் முயற்சியால் 1965இல் ஒரு வகுப்பு தொடங்கப்பட்டது. ஆங்கிலக் குழந்தைகளுக்கு எல்லாப் பாடங்களும் பிரெஞ்சு மொழியிலேயே நடத்தப்பட்டன. இம்முறை பின்னர் கனடாவெங்கும் பரவிற்று. இத்தகைய பள்ளிகளில் பயின்ற குழந்தைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் 1985இல் ஒரு முடிவை வெளியிட்டார். பிரெஞ்சு மொழியைக் கேட்டு அறிவதில் அவர்கள் பிரெஞ்சுக் குழந்தைகளை ஏறத்தாழ எட்டியிருந்தனர்; ஆனால், பல ஆண்டுகள் கேட்ட பின்னும் அவர்கள் பேச்சில் பிழைகள் மலிந்திருந்தன. தாமே வாக்கியம் அமைத்துப் பேசும் வாய்ப்பு குறைந்திருந்ததே காரணம் என்று அவர் கருதினார். பேச முயலும்போதுதான் நமக்கு எந்தச் சொல் தெரியவில்லை என்பது நமக்கே புலப்படுகிறது. எதிரில் உள்ளவர் “என்ன சொன்னீர்கள்?” என்று கேட்க, நாம் திருத்திச் சொல்கிறோம். அந்தத் திருத்தத்தில்தான் மொழி படிகிறது.

மொழிப் பயிற்சிக்கு வெளியேயும் இவ்வுண்மையை நம் நாட்டிலேயே கண்டிருக்கிறார்கள். 1956இல் அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் சேர்ந்து, புனாவைச் சுற்றியுள்ள 5 மாவட்டங்களில் ஏறத்தாழ 150 கிராமங்களில் வானொலி விவசாய மன்றங்களை அமைத்தன. 10 வாரங்களில் 20 நிகழ்ச்சிகள் மராத்தியில் ஒலிபரப்பாயின. கேட்டபின் ஊரார் கூடி அவற்றைப் பற்றி விவாதித்தனர். வானொலி இருந்தும் மன்றம் இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டபோது, கூடிப் பேசிய கிராமங்களிலேயே விவசாய அறிவு வெகுவாக வளர்ந்திருந்தது. கேட்டதைப் பேசித் தீர்த்தால்தான் அது சொந்தமாகிறது.

எந்தத் தமிழைக் கற்பிப்பது?

நம் மொழியில் எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. “வருகிறேன்” என்று எழுதுகிறோம். “வரேன்” என்று பேசுகிறோம். “வேண்டும்” என்பது “வேணும்” ஆகிறது. “இருக்கிறது” என்பது “இருக்கு” ஆகிறது. ஏட்டுத் தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டு கடைத்தெருவிற்கு வருபவர், தாம் கற்ற மொழி அங்கே ஒலிக்காததைக் கண்டு திகைப்பார். ஆகையால், புதியவருக்கு முதலில் ஊரார் பேசும் தமிழையே கொடுக்க வேண்டும். எழுத்தும் ஏட்டு வடிவமும் பின்னர் வரலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காதில் எது விழுகிறதோ அதுவே வாயில் வரும். நாள் முழுதும் “வாடா, போடா” என்றே கேட்டவர், அதுவே தமிழ் என்று கருதி ஊர்ப் பெரியவரையும் “வாடா” என்று அழைத்துவிடுவார். குற்றம் அவருடையதன்று. “வாங்க தம்பி”, “இதை எடுங்க அண்ணே”, “சாப்பிட்டீங்களா அக்கா” என்று நாம் பேசினால், அதே மரியாதை நமக்குத் திரும்பி வரும்.

இடையூறுகளும் துணைகளும்

இந்தியில் எகரமும் ஒகரமும் நெடிலாகவே ஒலிக்கும். வங்காளத்தில் குறில் நெடில் வேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை. ஆதலால், “கொடு” என்பதும் “கோடு” என்பதும் அவர்கள் காதில் ஒன்றாக விழக்கூடும். “அரை மூட்டை” என்பதற்கும் “ஆறு மூட்டை” என்பதற்கும் உள்ள பேதம் நமக்கு வெளிப்படை. புதியவர் காதிற்கு அவ்வளவு எளிதன்று. இத்தகைய சொற்களை விரலைக் காட்டிச் சொல்ல வேண்டும். ஒடியா மொழியில் ளகரம் உண்டு. இந்தி, வங்காளம் பேசுவோர் அதனைப் புதிதாகப் பழக வேண்டும். ழகரமோ மூவருக்கும் புதிது. அதில் தடுமாறினால் நகைத்தல் தகாது. இந்தியில் உணவைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தை மூச்சோடு அழுத்திச் சொல்ல வேண்டும். நாம் அழுத்தாமல் சொன்னால், அவர்கள் காதில் அது “ஒற்றைக் கண்ணன்” என்று விழும்.

மற்றொரு சிக்கல் காலத்தைப் பற்றியது. இந்தியிலும் வங்காளத்திலும் நேற்றைக்கும் நாளைக்கும் “கல்”, “கால்” என்பது போன்ற ஒரே சொல் வழங்கும். எந்த நாள் என்பதை வினைச்சொல்லும் இடமுமே உணர்த்தும். கூலி நேற்றே கொடுத்தாயிற்றா, நாளை கொடுக்கப்படுமா என்பதில் இதனால் மனத்தாங்கல் விளையலாம். “நேத்து குடுத்தேன்”, “நாளைக்குக் குடுப்பேன்” என்ற இரண்டையும் முதல் வாரத்திலேயே நாட்காட்டியைக் காட்டிப் பழக்குதல் நலம்.

துணைகளும் பல. வடமொழிகளிலும் தமிழிலும் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியிலேயே வரும். “நான் தண்ணீர் குடிக்கிறேன்” என்ற வரிசையிலேயே அவர்களும் பேசுகின்றனர். இந்திய மொழிகள் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும், நெடுங்காலம் பக்கத்தில் வாழ்ந்ததால் அமைப்பில் ஒத்திருக்கின்றன என்று எமனோ என்னும் மொழியறிஞர் 1956இலேயே எடுத்துக்காட்டினார். மேலும், ரசீது, பாக்கி, சாவி, அலமாரி, ஜில்லா, பஞ்சாயத்து ஆகிய சொற்களைச் சிறு ஒலி மாற்றத்தோடு அவர்களும் வழங்குகின்றனர். பாடத்தை இவற்றிலிருந்து தொடங்கினால், “எனக்கு இம்மொழி கொஞ்சம் தெரியும்” என்ற ஊக்கம் முதல் நாளே பிறக்கும்.

“ஆமாம்” என்னும் ஆபத்து

புதியவர் எதைக் கேட்டாலும் “ஆமாம், ஆமாம்” என்று தலையசைப்பார். அதனால் விளங்கிவிட்டது என்று நாம் முடிவு செய்தல் கூடாது. பூச்சிமருந்துக் கலனில் உள்ள முக்கோணக் குறியில் சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், மஞ்சள் கொடிய நஞ்சையும், நீலம் நடுத்தர நஞ்சையும், பச்சை குறைந்த நஞ்சையும் குறிக்கும். ஒரு டேங்குக்கு எவ்வளவு மருந்து, முகத்தைத் துணியால் மூடுதல், காற்றுக்கு எதிராக நின்று தெளிக்காமை, வேலை முடிந்ததும் சோப்பால் கைகழுவுதல் ஆகியவற்றை வாயால் சொன்னபின், “புரிந்ததா?” என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. “இப்போது என்ன செய்வீங்க? சொல்லுங்க” என்று கேட்க வேண்டும். அவர் திருப்பிச் சொல்லி, அளவுக் குப்பியில் அளந்து காட்டிய பிறகே மருந்தைக் கையில் கொடுக்க வேண்டும். இந்த ஒரு வழக்கம் உரையாடற் பயிற்சியாகவும் அமைகிறது; உயிரையும் காக்கிறது.

குழந்தைகள்

இவர்களுடைய சிறு குழந்தைகள் அங்கன்வாடிக்கு வந்தால், முதற் சில வாரங்களோ மாதங்களோ ஒரு சொல்லும் பேசாமல் இருக்கலாம். மந்தப் புத்தி என்று எண்ணிவிடலாகாது. அவர்கள் கேட்டுச் சேமித்துக்கொண்டிருக்கின்றனர். நம் குழந்தைகளோடு கலந்து விளையாட விட்டால் தமிழ் தானே வரும். வீட்டில் தாய்மொழியை நிறுத்துமாறு பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரு மொழிகளையும் குழந்தை தாங்கும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

அண்டை மாநிலமான கேரளத்தில், மாநில எழுத்தறிவு இயக்கம் 2017இல் பெரும்பாவூரில் “சங்ஙாதி” என்னும் திட்டத்தைத் தொடங்கி, பிற மாநிலத் தொழிலாளருக்கு மலையாளம் கற்பிக்க முன்வந்தது. சங்ஙாதி என்றால் தோழன் என்று பொருள். நம் ஊராட்சிகளிலும் இதனைச் சிறு அளவில், பெருஞ்செலவின்றி நடத்தலாம்.

ஊராட்சி அலுவலகத் திண்ணையோ நூலகமோ போதும். மாலையில் அரைமணி நேரம், வாரம் நான்கு நாள் வைத்துக்கொள்ளலாம். பேச ஆர்வமுள்ள மகளிர் குழு உறுப்பினர், ஓய்வு பெற்றோர், கல்லூரி மாணவர் ஆகியோரில் நால்வர் முன்வந்தால் நலம். ஒரு தமிழருக்கு நான்கைந்து பேர் என்ற கணக்கு ஏற்றது. கூட்டம் பெருகினால் பேசும் முறை கிட்டாது.

முதல் வாரம் பெயர், ஊர், எண்கள், நாட்கள், கூலி. இரண்டாம் வாரம் கருவிகள், ஏவல்கள், வயல் வேலை. மூன்றாம் வாரம் கடை, பேருந்து, உணவு. நான்காம் வாரம் உடல்நலம், மருந்து, அவசர உதவி. ஒவ்வொரு நாளும் பத்து வாக்கியங்களுக்கு மேல் வேண்டாம். முதலில் பொருளைக் காட்டிக் கேட்கச் செய்க. பிறகு செய்கையால் விடை வாங்குக. இறுதியில் இருவர் இருவராகப் பேச விடுக. ஒருவர் கடைக்காரர், மற்றவர் வாங்குபவர். பின் இடம் மாற வேண்டும். இடையில் பிழை வந்தால் பேச்சை நிறுத்தாமல், சரியான வடிவத்தை நாம் ஒருமுறை சொல்லித் தொடர வேண்டும். கற்றவற்றை மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் மீண்டும் பேசவைத்தால் மறதி குறையும்.

அன்றைய பத்து வாக்கியங்களை ஊர்ப் பெண்மணி ஒருவரின் குரலில் கைப்பேசியில் பதிந்து கொடுக்கலாம். வேலைக்குப் போகும் வழியிலும் சமைக்கும்போதும் அவர்கள் அதைக் கேட்கட்டும். வெறுமனே கேட்பதற்கு இதுவே தக்க இடம். முன்பே பொருள் விளங்கியவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் காது தேறும். மறுநாள் மாலைப் பேச்சில் அது பயன்படும்.

நான்காம் வாரத்தில் எல்லோரும் தவறாது பழக வேண்டிய ஒன்றுண்டு. 108 எண்ணுக்கு அழைத்து, “இங்கே ஒருத்தருக்கு அடிபட்டிருக்கு, உடனே வாங்க” என்று சொல்லி, நமது ஊரின் பெயரையும், வட்டத்தின் பெயரையும், அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளியின் பெயரையும் பிழையின்றிச் சொல்ல ஒவ்வொருவருக்கும் வர வேண்டும். ஒருவர் 108 பணியாளராக நடித்துக் கேள்வி கேட்க, மற்றவர் விடை சொல்லிப் பழகலாம்.

விவசாயிகளும் தம் பங்கிற்கு அவர்கள் மொழியில் இருபது சொற்களையேனும் அறிந்துகொள்ள வேண்டும். தண்ணீர், சாப்பாடு, வலி, காய்ச்சல், நிறுத்து, ஆபத்து, வீடு, அம்மா என்பன போன்றவை போதும். ஆபத்து வேளையில் தாய்மொழிச் சொல் ஒன்று காதில் விழுந்தால் மனிதன் சட்டென்று நிற்பான்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதனை எடுத்துரைத்து, நம் ஊரில் தங்கியுள்ள பிற மாநிலத்தவர் எத்தனை பேர், அவர்கள் பேசும் மொழி எது, பேச்சுத் துணையாக வரக்கூடிய ஊரார் யார் என்று ஒரு பட்டியல் தயாரிப்பதே முதல் வேலையாகும். பட்டியல் தயாரான அன்று மாலையே திண்ணையில் முதல் பத்து வாக்கியங்களைத் தொடங்கிவிடலாம்.